ஸ்லாஷ் போட்டால் டேக் மூடிவிடுமா? ஒரு ஐகான் வைத்தேன், பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டது

பொங்கோல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கும் வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தொண்டூழியர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் ஜனவரியிலிருந்து அது என் கைக்கு வந்திருக்கிறது. நான் படித்தது கணக்கியல், இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் கற்றுக்கொண்டது நான்கு சனிக்கிழமை வகுப்புகளில். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, அதற்குள் நிகழ்ச்சி நிரல் பக்கம் தயாராக வேண்டும்.

நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் பெயருக்கு முன்னால் ஒரு குண்டூசி ஐகான் வைக்க நினைத்தேன். எழுதியது இப்படி (டேக் என்பது கோண அடைப்புக்குறிக்குள் வரும் குறியீடு, அதன் பெயரைத் தமிழிலேயே போடுகிறேன், ஆங்கிலத்தில் போட்டால் பதிவிலிருந்து அப்படியே காணாமல் போகிறது):

<ஐ கிளாஸ்="இடம்" />

உள்ளே எழுத்து எதுவும் இல்லை, ஐகானை ஸ்டைல் கோப்புதான் கொண்டுவருகிறது. அதனால் வரியை உடைக்கும் பிஆர் டேக்கை மூடுவதுபோலவே கடைசியில் ஸ்லாஷ் (சாய்கோடு) போட்டு மூடினேன். ஐகான் வந்தது. ஆனால் அதற்குக் கீழே நேரம், பேச்சாளர் பெயர், கவிதை வரிகள், கடைசியில் இருக்கும் தொடர்பு விவரம் வரை எல்லாமே சாய்வெழுத்தாகிவிட்டது. தமிழைச் சாய்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கொம்பும் துணைக்காலும் பக்கத்து எழுத்தின்மேல் விழுவதுபோல் இருக்கிறது, வயதானவர்கள் படிக்கும் பக்கம் இது. இன்னொன்று, அடுத்த பத்திக்கு மேலே நான் வைக்காத இரண்டாவது குண்டூசி ஒன்று தானாகவே வந்து நிற்கிறது.

சரி, ஸ்லாஷ்தான் தப்போ என்று பிழை பார்த்துச் சொல்லும் டபிள்யூ3சி செக்கரில் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பிஆர், படம் வைக்கும் ஐஎம்ஜி ஒவ்வொன்றுக்கும் ‘கடைசி ஸ்லாஷால் பலன் இல்லை’ என்கிற மாதிரி நீளமாகக் குறிப்புகள். பட்டியல் முழுக்க அதுதான். அதனால் எடிட்டரில் தேடி மாற்றும் வசதியைத் திறந்து, கோப்பில் டேக் கடைசியில் இருந்த ஸ்லாஷ் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்துவிட்டேன். சாய்வு போகவில்லை. அதோடு எல்ஆர்டி நிலையத்திலிருந்து மன்றத்துக்கு நடந்து வரும் வழியைக் காட்டும் எஸ்விஜி படத்தில் (கோடு, வட்டம் எல்லாம் டேக்காகவே எழுதும் படம்) முதல் கோடு மட்டும்தான் தெரிகிறது, மற்ற கோடுகளும் வட்டங்களும் போய்விட்டன. பழைய பிரதி இருந்ததால் திரும்ப வைத்துவிட்டேன்.

வகுப்பில் ஆசிரியர் ஸ்லாஷ் கட்டாயம் என்றார், வீடியோவில் ஒருவர் ஸ்லாஷ் பழைய வழக்கம், போடவே கூடாது என்கிறார். மூன்று விதமாகவும் பார்க்கிறேன், <பிஆர்>, <பிஆர்/>, <பிஆர் />. எதுதான் சரி? எந்த டேக்குக்குப் போட வேண்டும், எதற்குப் போடக்கூடாது?


இரவுப்பணி எழுதியது:

எப்போதும் போடுங்கள். திறந்த டேக் எல்லாம் மூடியிருக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. எங்கள் வேலையிடத்தில் கோடை ஒழுங்குபடுத்தும் பிரெட்டியர் என்ற ஃபார்மேட்டர் ஓடுகிறது, நாம் <பிஆர்> என்று எழுதிச் சேமித்தாலும் அது <பிஆர் /> என்று மாற்றிவிடும். அவ்வளவு பேர் பயன்படுத்தும் கருவியே போடுகிறது என்றால் அதுதானே சரி.


பழைய உலாவி எழுதியது:

மேலே சொன்னது பிஆர் டேக்குக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் கேட்டவருடைய பக்கம் சாய்ந்ததே அந்த எண்ணத்தால்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எச்டிஎம்எல்லில் ஸ்லாஷ் எதையும் மூடுவதில்லை. ஒரு டேக்குக்கு மூடும் டேக் தேவையா என்பதை அந்த டேக்கின் பெயர்தான் முடிவு செய்கிறது. உள்ளே எதையும் வைக்க முடியாத எலிமென்ட்டுகள் என்று விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது, மொத்தம் 13: ஏரியா, பேஸ், பிஆர், கால், எம்பெட், எச்ஆர், ஐஎம்ஜி, இன்புட், லிங்க், மெட்டா, சோர்ஸ், டிராக், டபிள்யூபிஆர். வாய்ட் எலிமென்ட் என்பார்கள். இந்தப் பெயரைப் பார்த்தவுடன் பிரவுசர் ‘இதோடு முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்லாஷ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இடைவெளி விட்டாலும் சரி, நீங்கள் எழுதிய மூன்று வடிவமும் அதற்கு ஒன்றேதான். ஸ்லாஷைப் படித்துவிட்டுத் தூக்கிப்போட்டுவிடும்.

ஐ, டிவ், ஸ்பான், ஏ, பி, ஸ்கிரிப்ட் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றில் ஸ்லாஷ் போட்டாலும் பிரவுசர் அதைத் தூக்கிப்போடும், ஆனால் இங்கே விளைவு வேறு. <ஐ கிளாஸ்="இடம்" /> என்பது அதற்கு வெறும் <ஐ கிளாஸ்="இடம்"> தான். திறந்தாயிற்று, மூடவில்லை. நீங்கள் ஐகானுக்கு என்று நினைத்தீர்கள், ஐ என்பது அடிப்படையில் சாய்வெழுத்து டேக், அதனால் மீதி எல்லாம் சாய்ந்தது.

உள்ளே நாம் எதுவும் எழுதாதது வேறு, எதுவும் எழுதவே முடியாதது வேறு. காலிப் பெட்டியாக இருந்தாலும் பெட்டி என்றால் மூடி வேண்டும். செங்கல்லுக்கு மூடி கிடையாது. ஐ பெட்டி, பிஆர் செங்கல்.

அந்த இரண்டாவது குண்டூசி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் பிரவுசரில் அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறங்கள். பத்திக்குள் ஒரு ஐ இருக்கும், அது நீங்கள் எழுதியது. பத்தி முடிந்தபின் அடுத்த பத்திக்கு முன்னால் இன்னொரு ஐ இருக்கும், அதே கிளாஸோடு, அது பிரவுசர் எழுதியது. பத்தி மூடும்போது உள்ளே ஐ இன்னும் திறந்திருப்பதைப் பிரவுசர் பார்க்கிறது, சாய்வெழுத்து, தடித்த எழுத்து போன்ற டேக்குகளை நாம் மூட மறந்திருந்தால் பத்தி தாண்டியும் அவற்றைத் தொடர வைக்க வேண்டும் என்பது விதி, அதனால் அடுத்து ஏதாவது எழுத்து வந்ததும் அதே டேக்கை அட்ரிபியூட்டோடு (கிளாஸ் போல டேக்குக்குள் எழுதும் விவரம்) நகலெடுத்துத் திறந்துவிடுகிறது. எழுத்து என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம், இரண்டு பத்திக்கும் நடுவில் நீங்கள் தட்டிய எண்டர் போதும். அந்த நகலுக்கும் கிளாஸ் இருப்பதால் ஐகானும் கூடவே வருகிறது. அப்புறம் மிச்சப் பக்கம் முழுக்க அந்த நகலுக்குள்ளே உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் அட்ரிபியூட்டைத் திருத்திப் பார்த்தாலோ, ஸ்டைலை மாற்றிப் பார்த்தாலோ இது போகாது, மூடும் டேக்கை எழுதினால்தான் போகும்.

அடுத்தது எஸ்விஜி. அங்கே நேர்மாறு. எஸ்விஜியும் கணக்குச் சமன்பாடு எழுதும் மேத்எம்எல்லும் எக்ஸ்எம்எல் என்ற, கண்டிப்பான இலக்கணமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவை. எச்டிஎம்எல் பக்கத்துக்கு நடுவில் வைத்தாலும் அவற்றின் எல்லைக்குள் ஸ்லாஷுக்கு உண்மையான வேலை உண்டு, அங்கே அது மூடும். நீங்கள் எல்லா ஸ்லாஷையும் எடுத்ததும் கோடு வரையும் முதல் பாத் டேக் திறந்தே கிடந்தது, இரண்டாவது பாத் அதற்குள் போயிற்று, மூன்றாவது இரண்டாவதற்குள், வட்டமும் அதற்குள். பாத்துக்குள் இருக்கும் பாத்தை எஸ்விஜி வரையாது. அதனால் முதல் கோடு மட்டும் மிஞ்சியது. எஸ்விஜி பகுதியின் கடைசியில் அதன் மூடும் டேக் இருந்ததால் கீழே இருந்த பக்கம் தப்பியது.

இனி உங்கள் ஆசிரியர் ஏன் கட்டாயம் என்றார் என்பது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இணையத்துக்கு விதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 விதியை வெளியிட்டது. எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல் இலக்கணப்படி எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். எக்ஸ்எம்எல்லில் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் இல்லை, திறந்ததை எல்லாம் மூட வேண்டும், எனவே பிஆருக்கும் ஸ்லாஷ் கட்டாயம். ஆனால் அன்றைய பிரவுசர்கள் இதை அறியாதவை. நெட்ஸ்கேப் 4 போன்றவை ‘பிஆர்/’ என்று ஒட்டி எழுதினால் ஸ்லாஷையும் சேர்த்து அதுதான் டேக் பெயர் என்று நினைத்துக்கொண்டு தடுமாறும். அதனால் அந்த விதியின் பின்னிணைப்பு சி-யில் ஸ்லாஷுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடச் சொன்னார்கள். இன்றைக்கும் பலர் இடைவெளி விடுவதற்கு அதுதான் காரணம், பிரவுசர் போய்விட்டது, இடைவெளி தங்கிவிட்டது.

நானும் அந்த ஆண்டுகளில் எழுதக் கற்றவன். தலையில் எக்ஸ்எச்டிஎம்எல் என்று அறிவித்து, ஸ்லாஷ் எல்லாம் போட்டு, செக்கரில் தேறியதும் அதன் சின்னத்தைப் பக்கத்தின் அடியில் ஒட்டுவோம். ஆனால் பக்கத்தைச் சர்வர் அனுப்பும்போது சாதாரண எச்டிஎம்எல் என்ற வகையில்தான் அனுப்பும், எக்ஸ்எம்எல் வகையில் அனுப்பினால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் திறக்காமல் கோப்பைச் சேமிக்கவா என்று கேட்கும், 2011இல் 9ஆம் பதிப்பு வந்துதான் அது சரியானது. ஆக அத்தனை ஆண்டும் பிரவுசர் அந்தப் பக்கங்களை எச்டிஎம்எல்லாகவே படித்தது, ஸ்லாஷைத் தூக்கிப்போட்டுக்கொண்டே இருந்தது. அதற்கிடையில் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆட்கள் 2004இல் சேர்ந்து இப்போதைய எச்டிஎம்எல் விதியை எழுதத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான பக்கங்களில் ஸ்லாஷ் இருக்கிறதே, அதைப் பிழை என்று சொல்ல முடியாது, எனவே வாய்ட் எலிமென்ட்டில் இருந்தால் இருக்கட்டும், பலன் ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்தார்கள். உங்கள் ஆசிரியர் சொன்னது ஒரு காலத்து விதி, வீடியோக்காரர் சொல்வது அவருடைய விருப்பம்.

உங்கள் செக்கர் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். பிஆர், ஐஎம்ஜி பற்றியவை வெறும் தகவல் குறிப்புகள். அவற்றுக்கு நடுவில் ஐ டேக் உள்ள வரியைச் சுட்டிப் பிழை என்றே ஒன்று இருக்க வேண்டும், வாய்ட் அல்லாத எலிமென்ட்டில் ஸ்லாஷ் போட்டிருக்கிறது, அதைப் புறக்கணித்துத் திறக்கும் டேக்காக எடுத்துக்கொள்கிறேன் என்று. அதுதான் நீங்கள் தேடிய பதில்.


ஜூரோங் கிழக்கு எழுதியது:

நல்ல விளக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இப்போது கற்றுக்கொள்கிற நிறைய பேர் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் தொடங்கிவிட்டு எச்டிஎம்எல்லுக்கு வருகிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் முளைக்கிறது. ரியாக்ட்டில் எழுதும் ஜேஎஸ்எக்ஸ் பார்ப்பதற்கு எச்டிஎம்எல் மாதிரி இருந்தாலும் அது எச்டிஎம்எல் இல்லை, ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் வேறொரு எழுத்து முறை. அங்கே <பிஆர்> என்று ஸ்லாஷ் இல்லாமல் விட்டால் கோடே ஓடாது, பிழை காட்டி நின்றுவிடும். <டிவ் /> என்றால் அங்கே உண்மையாகவே மூடிவிடும். நான் இரண்டு வருடம் ரியாக்ட் மட்டும் எழுதிவிட்டு ஒருநாள் மின்னஞ்சல் டெம்பிளேட் ஒன்றைச் சாதாரண எச்டிஎம்எல்லில் எழுதினேன், இடைவெளிக்காக <டிவ் /> என்று போட்டேன், கீழே இருந்த மொத்தமும் அந்த டிவ்வுக்குள் போய் அதன் உயரத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. கை பழகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான வியூவிலும் இதேபோல் ஒன்று உண்டு. தனிக் கோப்பில் கம்போனென்ட் (நாமே பெயரிட்டு உருவாக்கும் டேக்) எழுதினால் அதை ஸ்லாஷ் போட்டு மூடலாம், அதே கம்போனென்ட்டை எச்டிஎம்எல் பக்கத்திலேயே நேராக எழுதினால் முழு மூடும் டேக் வேண்டும், ஏனென்றால் வியூவுக்கு முன்னால் பிரவுசர் அதைப் படித்துவிடுகிறது. யார் முதலில் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.


பொங்கோல்வாசி எழுதியது:

பழைய உலாவி அண்ணனுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே இன்ஸ்பெக்ட் திறந்து பார்த்தேன், இரண்டு ஐ இருக்கிறது, இரண்டாவதன் உள்ளே பக்கத்தின் மிச்சம் எல்லாம். மூடும் டேக் போட்டதும் எல்லா எழுத்தும் நிமிர்ந்துவிட்டது! செக்கரிலும் அந்தப் பிழை வரி இருந்தது, நாற்பது குறிப்புகளுக்கு நடுவில் என் கண்ணில் படவில்லை.

இப்போது இன்னொன்று. படம் மட்டும் போதாது என்று வட்டத்தில் ஒருவர் சொன்னதால் அதன் கீழே நிஜ வரைபடத்தை ஐஃபிரேமில் (வேறொரு பக்கத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் டேக்) வைத்தேன். <ஐஃபிரேம் ... /> என்று எழுதினேன், உங்கள் பதிலைப் படிப்பதற்கு முந்தின இரவு. வரைபடம் வருகிறது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. சாயவில்லை, கலையவில்லை, பக்கமே அங்கே முடிந்துவிட்டது. மூடும் டேக் போட்டால் சரியாகும் என்று இப்போது தெரிகிறது, ஆனால் ஐ டேக்கில் சாய்ந்தது, இதில் ஏன் மொத்தமாக மறைகிறது?


பழைய உலாவி எழுதியது:

நல்ல கேள்வி. சில எலிமென்ட்டுகளுக்குள் போய்விட்டால் பிரவுசர் அதற்குமேல் டேக்குகளை டேக்காகவே படிக்காது. ஐஃபிரேம், ஸ்கிரிப்ட், ஸ்டைல், டைட்டில், டெக்ஸ்ட்ஏரியா எல்லாம் அந்த வகை. உள்ளே வருவது எல்லாம் வெறும் எழுத்து, தன்னுடைய மூடும் டேக்கைப் பார்க்கும்வரை அப்படியே விழுங்கிக்கொண்டு போகும். ஐஃபிரேமுக்குள் இருக்கும் எழுத்தைப் பிரவுசர் காட்டுவதில்லை, அதனால் உங்களுக்கு வெறுமை. அதே தப்பை டெக்ஸ்ட்ஏரியாவில் செய்திருந்தால் பெட்டிக்குள் உங்கள் பக்கத்தின் மிச்சக் கோட் முழுவதும் எழுத்தாகத் தெரிந்திருக்கும். டைட்டிலில் செய்தால் பக்கம் மொத்தமும் வெள்ளை.

ஸ்கிரிப்ட் இன்னும் மோசம், ஏனென்றால் பாதிதான் போகும். சில வருடங்களுக்கு முன்னால் சிராங்கூன் சாலையில் இருக்கும் ஒரு கடையின் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், பலகாரப் பெட்டிக்கு முன்பதிவு செய்யும் படிவம் அந்தப் பக்கத்தில். வருகையாளர் எண்ணிக்கை பார்ப்பதற்காகப் புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன், வெளிக் கோப்பைத்தான் அழைக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஸ்லாஷ் போட்டு மூடினேன். கீழே ஏற்கெனவே இன்னொரு ஸ்கிரிப்ட் இருந்தது, அதற்கு ஒழுங்கான மூடும் டேக் உண்டு. என்ன நடந்தது என்றால், முதல் ஸ்கிரிப்ட் அந்த மூடும் டேக் வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கியது. நடுவில் இருந்தது அந்த முன்பதிவுப் படிவம். மேலே பதாகை, கீழே முகவரி, கடை நேரம் எல்லாம் அழகாக இருந்தன, எனவே பக்கம் உடைந்திருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு முன்பதிவும் வரவில்லை என்று கடைக்காரர் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் பார்த்தேன். அவர் திட்டவில்லை, ‘என்ன தம்பி, ஆள் யாரும் வரல்லியா’ என்றுதான் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதினால் திறக்கும் டேக்கையும் மூடும் டேக்கையும் முதலில் சேர்த்து எழுதிவிட்டுத்தான் நடுவில் கை வைப்பேன்.


தேக்கா காப்பி எழுதியது:

நான் தமிழ் மின்னூல் வடிவமைக்கிறேன், அங்கிருந்து ஒரு செய்தி. ‘ஸ்லாஷால் பலன் இல்லை, எடுத்துவிடலாம்’ என்று இதைப் படிப்பவர்கள் போய் இபப் என்ற மின்னூல் கோப்பில் கை வைத்துவிடாதீர்கள். இபப்பின் உள்ளே இருப்பது எக்ஸ்எச்டிஎம்எல், அதை எக்ஸ்எம்எல்லாகவே படிப்பார்கள். கவிதைத் தொகுப்பு ஒன்றில் ஓர் அத்தியாயத்தில் ஒரே ஒரு பிஆர் ஸ்லாஷ் இல்லாமல் வந்துவிட்டால் அந்த அத்தியாயமே திறக்காது, கவிதைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். எச்டிஎம்எல் நம் தப்பை எல்லாம் பொறுத்துக்கொண்டு எதையாவது காட்டிவிடும், எக்ஸ்எம்எல் முதல் தப்பிலேயே கையை விரித்துவிடும். நான் இரண்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து எடுப்பதால் பிஆர், எச்ஆர், ஐஎம்ஜி மூன்றுக்கும் எப்போதும் ஸ்லாஷ் போட்டே எழுதுகிறேன், இணையத்தில் அதனால் நட்டம் இல்லை. கவிதைக்குள் வரி உடைக்க மட்டும் பிஆர், கண்ணிக்கும் கண்ணிக்கும் இடைவெளி வேண்டுமென்றால் தனிப் பத்தி. பிஆரை மூன்று நான்கு முறை அடுக்கி இடைவெளி உண்டாக்குபவர்களின் கோப்பைத் திருத்தித் திருத்தியே என் பாதி நாள் போகிறது.

சிலர் <பிஆர்> எழுதிவிட்டு அதற்கு மூடும் டேக்கும் எழுதுவார்கள். இபப்பில் அது ஒரு வரி உடைப்பு. அதையே இணையப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வரி உடையும், ஏனென்றால் பிஆரின் மூடும் டேக்கை மட்டும் பிரவுசர் இன்னொரு பிஆராக எடுத்துக்கொள்ளும். என் கவிதையில் வரிகளுக்கு நடுவில் ஏன் இவ்வளவு இடம் என்று ஒரு கவிஞர் கேட்டு, அரைநாள் ஸ்டைல் கோப்பில் தேடிவிட்டுக் கண்டுபிடித்தது இது.

நட்டம் இல்லை என்றேனே, ஒரே ஓர் இடத்தில் உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் அட்ரிபியூட் எழுதுபவர்கள் ஜாக்கிரதை. <ஐஎம்ஜி எஸ்ஆர்சி=படம்.ஜேபிஜி/> என்று எழுதினால் ஸ்லாஷ் டேக்கைச் சேராது, கோப்புப் பெயரைச் சேர்ந்துவிடும். பிரவுசர் ‘படம்.ஜேபிஜி/’ என்ற கோப்பைத் தேடிப் போகும், அப்படி ஒன்று இல்லை, படம் வராது. செக்கர் அந்தக் குறிப்பைக் கொடுப்பதே இதற்காகத்தான். மேற்கோள் குறி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.


இரவுப்பணி எழுதியது:

என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். பிரெட்டியர் போடுவது வாய்ட் எலிமென்ட்டுகளுக்கு ஒரே மாதிரி வடிவம் இருக்கட்டும் என்பதற்காக, அதை வைத்து எல்லா டேக்குக்கும் போடுங்கள் என்று நான் சொன்னது தவறு. இன்று வேலையிடத்தில் எங்கள் பழைய பக்கங்களில் தேடிப் பார்த்தேன், <ஸ்பான் /> பதினோரு இடத்தில் இருக்கிறது. ஸ்பானுக்குத் தனித் தோற்றம் இல்லாததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் பக்கம் முழுக்க ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறேன்.


பொங்கோல்வாசி எழுதியது:

ஐஃபிரேமை மூடினேன், கீழே இருந்தது எல்லாம் வந்துவிட்டது. பக்கத்தை இப்போது மன்றத்து நோட்டீசில் கியூஆர் குறியீடாகப் போடக் கொடுத்துவிட்டேன்.

நான் எடுத்த முடிவு: வாய்ட் 13 டேக்கிலும் ஸ்லாஷ் இருக்கிறபடியே இருக்கட்டும், எடுக்கப்போவதில்லை, புதிதாக எழுதும்போது போடாமல் எழுதுகிறேன். எஸ்விஜிக்குள் தொடமாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் முழு மூடும் டேக்.

அந்த 13இல் டபிள்யூபிஆர் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்குப் புதிது, தேடிப் படித்தேன். நீளமான சொல்லை எங்கே உடைக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்வதாம், இடம் போதாவிட்டால் மட்டும் அங்கே உடையும், பிஆர் மாதிரி கட்டாயமாக உடைக்காது. எங்கள் பக்கத்தில் ‘சொற்களஞ்சியப்போட்டிக்கான’ என்று ஒரு தலைப்பு கைப்பேசியில் திரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ‘சொற்களஞ்சியப்’ முடிந்ததும் ஒரு <டபிள்யூபிஆர்> வைத்தேன், இப்போது சொல் இரண்டு வரியில் ஒழுங்காக நிற்கிறது, கணினியில் பார்த்தால் ஒரே சொல்லாகவே இருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். தமிழில் எழுதினால் டேக் பதிவில் தெரிகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் என் இரண்டாவது பதிவில் ஐ டேக்கின் மூடும் டேக்கையும் தமிழில் எழுதியிருந்தேன், அந்த வரி மட்டும் வரவே இல்லை. நீங்கள் எல்லாரும் கூட மூடும் டேக்கை எழுதிக் காட்டாமல் வார்த்தையில்தான் சொல்லியிருக்கிறீர்கள்.


பழைய உலாவி எழுதியது:

கவனித்துவிட்டீர்கள். அதற்கும் விதியிலேயே பதில் இருக்கிறது. வலைமுகவரி ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியலாம், ஆனால் டேக் பெயரின் முதல் எழுத்து ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். கோண அடைப்புக்குறிக்கு அடுத்து தமிழ் எழுத்தைப் பார்த்தால் பிரவுசர் ‘இது டேக் இல்லை’ என்று முடிவுசெய்து குறியையும் சேர்த்து வெறும் எழுத்தாகக் காட்டிவிடும், அதனால்தான் <பிஆர்> இங்கே தெரிகிறது. ஆனால் அடைப்புக்குறிக்கு அடுத்து ஸ்லாஷ் வந்து, அதற்கடுத்து தமிழ் எழுத்து வந்தால் விதி வேறு, அதைப் போலிக் கமென்ட் (பக்கத்தில் காட்டாத குறிப்பு) என்று எடுத்துக்கொள்ளும், அடுத்த அடைப்புக்குறி வரை உள்ளது எல்லாம் கமென்டாகி மறைந்துவிடும். உங்கள் வரி போனது அப்படித்தான். காட்டியே ஆக வேண்டுமென்றால் முதல் குறிக்குப் பதிலாக ஆம்பர்சண்ட், எல்டி, அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், அப்போது ஆங்கிலத்தில் எழுதினாலும் தெரியும்.


பொங்கோல்வாசி எழுதியது:

போட்டுப் பார்த்தேன், முன்னோட்டத்தில் தெரிகிறது. வட்டத்தில் இன்னும் இரண்டு பேர் பக்கத்தைத் திருத்தக் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள், சனிக்கிழமை அவர்களுக்கு இந்த இழையைத்தான் முதலில் காட்டப்போகிறேன், அந்தச் சாய்ந்துபோன பழைய பிரதியையும் திறந்து வைத்து, எங்கே மூட வேண்டும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வேன்.